அத்தான் உயிரோடு இருக்கிறார்

1

வழக்கமாக இந்தப் பத்தியில் நான் உங்களுக்கு எழுதுவது பனியைப் பற்றியும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும், இங்கே தொட்டியில் வைத்த கறிவேப்பிலை பிழைத்ததா இல்லையா என்பதைப் பற்றியும்தான். இந்த முறை அப்படி எழுத முடியவில்லை.

சென்ற ஞாயிறு இங்குள்ள எங்கள் சபையின் உதவிக் குழு கூடி, ஆராதனைக்குப் பிறகு எல்லோரும் குடிக்கும் காபியை இப்போது வாங்கும் இடத்திலேயே தொடர்ந்து வாங்குவது என்று ஒருமனதாக முடிவு செய்தது. அந்த ஒருமனதில் நான் சேர்த்தி இல்லை. நான் குழுவில் உறுப்பினர் அல்ல. அடித்தளக் கூடத்தில் காபி போடுகிறவள் மட்டுமே.

கீழ்வேளூர்ப் பக்கத்தில் இருக்கும் என் அக்கா எஸ்தரை உங்களில் சிலருக்குத் தெரியும். அவளைப் பற்றி ஒரு பேச்சு நாகப்பட்டினம் வரை போயிருப்பதாக அறிந்தேன். புருஷன் இறந்துவிட்டதாகச் சொல்லி அமெரிக்காக்காரர்களிடம் உதவி வாங்கினாள் என்பது அந்தப் பேச்சு. அதில் உண்மை எது, பொய் எது, பொய்யைச் சொன்னது யார் என்பதை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன். நான் மினசோட்டாவில் ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். வரிசை தப்பாமல் எழுதுவது எனக்குப் பழக்கம்.

2

ரகுவிலிருந்து தொடங்க வேண்டும்.

ரகு கும்பகோணத்துக்காரர். தொண்ணூறுகளின் நடுவில், சென்னை ஹோட்டல்களில் நேர்காணல் வைத்துக் கணினிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலத்தில், அவரும் என் கணவர் ஜெபராஜும் ஒரே கம்பெனிக்குத் தேர்வாகி ஒரே விமானத்தில் இங்கே வந்தார்கள். நானும் மகள் ஷீபாவும் பின்னால் வந்தோம். வந்த புதிதில் என் பெயரே எனக்கு வம்பானது. எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு என்பதைக் குடியேற்ற அலுவலகத்தில் யாரும் நம்பவில்லை. என் பாஸ்போர்ட்டில் இருந்த என் அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப் பெயரானது. ஜெபராஜுக்கு அவருடைய அப்பாவின் பெயர். இருவர் பெயரும் வேறாக இருந்ததால் நாங்கள் கணவன் மனைவிதானா என்று ஒவ்வொரு கவுன்ட்டரிலும் கேட்டார்கள். அப்போது வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வரிசையில் நின்று, ஒவ்வொரு படிவமாக நிரப்பிக் கொடுத்தவர் ரகு. "மெர்சி அக்கா, உங்க கல்யாணத்துக்கு நான்தான் சாட்சி போலருக்கே" என்று சிரிப்பார். எனக்குத் தம்பி இல்லை. அந்த இடத்தில் அவரை வைத்தேன்.

சில வருடங்கள் கழித்து அவர் கணினி வேலையை விட்டுவிட்டுக் காபி விற்க வந்தார். அதைக் கேலி செய்தவர்கள் பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். பழனி மலைச் சரிவில் சின்னச் சின்னத் தோட்டக்காரர்களிடம் நேரடியாக வாங்கினார். பலா மரத்தையும் வாகை மரத்தையும் வெட்டாமல் அவற்றின் நிழலில் விளைந்த காபி. மருந்து அடிக்காத காபி. பழத்தின் சதையைக் கழுவிய தண்ணீரை ஓடையில் விடாத தோட்டங்கள். தோட்டக்காரர்களுக்குத் தரகர் கொடுத்ததைவிட நல்ல விலை கொடுத்தார். விற்பதில் ஒரு பங்கு ஏதாவது ஒரு நற்காரியத்துக்குப் போகும். எந்தக் காரியம் என்று பாக்கெட்டிலேயே எழுதியிருக்கும். இவை எல்லாம் உண்மை. இன்றைக்கும் உண்மை. நான் கோபத்தில் எழுதுகிறேன் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன்.

எங்கள் சபையில் அதுவரை குடித்ததைக் காபி என்று சொல்லக் கூடாது. பெரிய பாத்திரத்தில் கொதித்துக்கொண்டே இருக்கும் ஒரு பழுப்புத் தண்ணீர். ரகுவின் காபியை நான்தான் அங்கே அறிமுகப்படுத்தினேன். இங்குள்ள லுத்தரன்கள் நல்லவர்கள். குடிக்கும் காபியால் யாருக்காவது நன்மை உண்டு என்று தெரிந்தால் இரண்டாவது கோப்பையும் குடிப்பார்கள்.

அப்போது மேட்டூர் நேரத்துக்குத் திறக்காத வருடங்கள். எங்கள் பக்கம் கடைமடை. மேலே இருப்பவர்கள் குடித்து மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு. குறுவை போய், பிறகு சம்பாவும் போய், கூலி வேலை செய்தவர்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கிளம்பினார்கள். பிள்ளைகளை ஊரில் யாரிடமாவது விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக அக்கா எங்கள் கிறிஸ்தவக் கோயிலை ஒட்டிய பழைய பள்ளிக் கட்டடத்தில் சாயங்காலப் படிப்பகம் ஆரம்பித்தாள். பாடம் சொல்லிக் கொடுத்து, சுண்டல் கொடுத்து, இருட்டுவதற்கு முன் அனுப்பிவிடுவாள். எங்கள் சபை குடிக்கும் காபியின் பங்கு அந்தப் படிப்பகத்துக்குப் போகட்டும் என்று ரகு சொன்னபோது, நான் சமையலறையில் போய் நின்று அழுதேன்.

3

அந்தப் படிப்பகத்தைப் பார்க்க ரகு ஒருமுறை ஊருக்குப் போனார். போன நாள் பெரிய வெள்ளி. சிலுவை தியானத்துக்கு எங்கள் பெண்கள் வெள்ளைப் புடவை கட்டுவது உங்களுக்குத் தெரியும். பொட்டும் பூவும் எங்களுக்கு எப்போதும் இல்லை. மூன்று மணி நேர ஆராதனை முடிந்து, கோயிலில் கஞ்சி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்த அக்காவையும் சாமுவேல் அத்தானையும் நெல் காயப் போடும் களத்தில் நிற்க வைத்து ரகு ஒரு படம் எடுத்தார். அக்கா வெள்ளைப் புடவையில். பக்கத்தில் அத்தான் வெள்ளைச் சட்டையில், அவளைவிட ஒரு பிடி குட்டையாக.

திரும்பி வந்ததும் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் மாட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். "அக்கா கையால கோயில் கஞ்சியும் குடிச்சாச்சு, ராத்திரிக்கு மீன் கொழம்பு இல்லன்னு அத்தான் வருத்தப்பட்டதையும் பாத்தாச்சு" என்றார். படத்தை எங்கள் ஹாலில் மாட்டினோம்.

4

ஜனவரியில் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. இங்கே அது ஒரு பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில், மின்சார அடுப்பில் பொங்கும் பொங்கல். வெளியே மூச்சு விட்டால் மீசையில் உறைகிற குளிர். ரகு ஒரு மேசை போட்டுப் புதிய பாக்கெட்டுகளை அடுக்கியிருந்தார். மன்னார்குடி வசந்தா அங்கிருந்து ஒரு பாக்கெட்டோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெர்சி, ஒரு வார்த்த சொல்லலியே நீங்க."

"என்ன சொல்லல?"

"உங்க ஹால்ல மாட்டியிருக்கீங்களே, உங்க அக்கா. கூட நின்னவரு எப்ப தவறினாரு?"

ஊரிலிருந்து எனக்கு வராத செய்தி இவருக்கு எப்படி வந்தது என்றுதான் முதலில் பயந்தேன். வசந்தா பாக்கெட்டை என் கையில் கொடுத்தார்.

அக்காவின் முகம். மேலே, லக்ஷ்மி, காவிரி டெல்டா என்று ஆங்கிலத்தில். அதன் கீழே எழுதியிருந்ததைத் தமிழில் தருகிறேன்: "தண்ணீர் வராத வருடத்தில் இவர் கணவரை இழந்தார். இன்றும் மாலையில் ஒரு தட்டைக் கூடுதலாக வைக்கிறார். உங்கள் ஒவ்வொரு கோப்பையும் அந்தத் தட்டை நிரப்புகிறது."

படத்தைக் கழுத்துக்குக் கீழே வெட்டியிருந்தார்கள். தாலிச் சங்கிலி போய்விட்டது. பக்கவாட்டிலும் வெட்டியிருந்தார்கள். அத்தான் போய்விட்டார். ஆனால் ஓரத்தில், அக்காவின் தோளுக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைத் துணி கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது அத்தானுடைய சட்டைக் கை.

"அவரு நல்லா இருக்காரு வசந்தா. போன வாரம்தான் போன்ல பேசுனேன்."

"அப்படியா? நெத்தியப் பாத்ததுமே நெனச்சுட்டேன். வெள்ளப் பொடவ வேற."

"என் நெத்தியும் வெறும் நெத்திதான். அங்க பாருங்க, ஜெபராஜ் நாலாவது வடை திங்கிறாரு."

வசந்தா சிரித்தார். பிறகு பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அப்ப இதுல ஏன் இப்படிப் போட்டிருக்கு?" என்று கேட்டார்.

மினசோட்டாக்காரருக்கு வெள்ளைப் புடவையும் வெறும் நெற்றியும் ஒன்றும் சொல்லாது. அதைப் பார்த்ததும் கைம்பெண் என்று நினைக்க ஒரு தமிழ்க் கண் வேண்டும். அந்த முகத்தைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு தமிழ்க் கண்தான்.

5

மறுநாள் ரகுவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஹாலில் அந்தப் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்தார்.

"பேர மாத்திட்டோமேக்கா. அது எஸ்தர் அக்கான்னு யாருக்குத் தெரியப் போகுது?"

"உசிரோட இருக்குற மனுஷன சாகடிச்சிருக்கீங்க ரகு."

"அத்தான யாரு சாகடிச்சா? அது லக்ஷ்மியோட புருஷன்."

"லக்ஷ்மி யாரு?"

"அந்த மாதிரி அங்க எத்தன பேரு இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்களே சொல்லியிருக்கீங்க."

"அப்ப அவங்கள்ல ஒருத்தரக் கேட்டு, சம்மதம் வாங்கிப் போட வேண்டியதுதானே?"

"போனேன்க்கா. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்தம்மா மொகத்துக்கு நேரா கேமராவ நீட்ட எனக்கு மனசு வரல."

"எங்க அக்காகிட்ட நீட்ட மனசு வந்துச்சு."

"அக்கா நம்ம அக்கா. ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்கன்னுதான்."

அந்நியரிடம் செய்யக் கூசியதை நம்மவரிடம் செய்யலாம் என்று ஒருவர் நினைப்பதற்குப் பெயரும் உறவுதான்.

ஜெபராஜ் நடுவில் வந்து, "விடு மெர்சி, அடுத்த தடவ மாத்திடுவாரு" என்றார். ரகு உடனே அதைப் பிடித்துக்கொண்டார். முன்பு படிப்பகத்தின் படத்தையும் பிள்ளைகளின் படத்தையும் போட்டபோது பாக்கெட் நகரவே இல்லையாம். இந்த முகம் வந்த பிறகு கடைகளே கூப்பிட்டுக் கேட்கிறார்களாம். அச்சடித்தவை தீரட்டும், அடுத்த அச்சில் மாற்றிவிடலாம் என்றார். "இப்ப நிறுத்தினா நிக்கிறது யாரோட டியூஷன் சென்டர்? யோசிச்சுப் பாருங்க."

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் இரத்தக் குழாயில் வேறு ஆளின் பெயர் ஒட்டியிருந்தால் அந்தக் குழாயைக் குப்பையில் போட்டுவிடுவோம். உள்ளே இருப்பது நல்ல இரத்தம்தான். எடுத்தவரும் நல்லவர்தான். நோயாளியை மறுபடி குத்த வேண்டும் என்பதும் கஷ்டம்தான். ஆனாலும் போட்டுவிடுவோம். ரகுவிடம் இதைச் சொன்னேன். "அது ஆஸ்பத்திரி அக்கா" என்றார்.

அவர் எழுந்து போகும்வரை ஒரு விஷயத்தை என்னிடம் சொல்லவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தப் பாக்கெட்டுகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு வயதான தம்பதி லக்ஷ்மியைப் பார்ப்பதற்காக ஊருக்கே போயிருந்தார்கள். அனுப்பி வைத்தவர் ரகு. நாகப்பட்டினத்தில் அவர்களுக்குக் கார் ஏற்பாடு செய்ததும் அவர்தான். படிப்பகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

6

அக்கா தானாக எனக்குப் போன் செய்வது கிடையாது. நான்தான் போன் கார்டு வாங்கிக் கூப்பிடுவேன். அன்று அவளே எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டாள்.

"மெர்சி, நான் பொய்க்காரியாடி?"

"என்னக்கா ஆச்சு?"

"உங்க ஊருலேர்ந்து ரெண்டு பேரு வந்தாங்க. தாத்தாவும் ஆயாவும். நல்லவங்களாத்தான் தெரிஞ்சாங்க. அந்தம்மா என் கையப் புடிச்சிக்கிட்டு அழுவுது. எனக்கு ஒண்ணும் வெளங்கல. வெள்ளக்காரங்களுக்கு நம்ம வெயிலு ஒத்துக்கலையோன்னு நெனச்சேன். லக்ஷ்மி லக்ஷ்மின்னு வேற சொல்லுது. நான் எஸ்தர்னு சொல்றேன், அது தலையத் தடவிக் குடுக்குது."

"ஐயோ அக்கா."

"இரு. அவங்க கொண்டாந்த காபிப் பொடியையே போட்டு உங்க அத்தான் டம்ளர்ல எடுத்தாந்தாரு. சிக்கரி இல்லாத காபி, கஷாயமாட்டம் இருக்குன்னு வர்றப்பவே சொல்லிக்கிட்டு வர்றாரு. இவரு யாருன்னு அந்தத் தாத்தா கேட்டாரு. அப்பத்தான் வந்து சேந்த எங்க படிப்பகத்து இங்கிலீஷ் டீச்சரு, இவங்க வீட்டுக்காரருன்னு சொல்லிடுச்சு. அந்தம்மா கையை எடுத்துக்கிச்சு மெர்சி. என் கையிலேர்ந்து கையை எடுத்துக்கிச்சு."

பூத்தில் மீட்டர் ஓடும் சத்தம் கேட்டது. அக்கா மறுபடி பேசினாள்.

"அப்பறம் அந்தப் பாக்கெட்ட எடுத்து டீச்சருகிட்ட காட்டுனாங்க. டீச்சரு படிச்சுச் சொல்லுது. நான் அப்படியே நிக்கிறேன். காபியக் குடிக்காம வச்சிட்டுப் போயிட்டாங்க. போறப்ப அந்தத் தாத்தா உங்க அத்தான ஒரு தடவ திரும்பிப் பாத்தாரு. ஆளு நெசந்தானான்னு பாக்குற மாதிரி."

பின்னால் அத்தானின் குரல் கேட்டது. அவர் ரிசீவரை வாங்கிக்கொண்டார். "மெர்சி! என்னைய எப்ப அடக்கம் பண்ணுனீங்க? பாட்டு யாரு பாடுனா? பிரியாணி போட்டீங்களா, இல்ல வெறும் காபியோட அனுப்பிட்டீங்களா?"

"அத்தான், என்னை மன்னிச்சிடுங்க. எனக்கே இந்த வாரம்தான் தெரியும்."

"அட, நீ என்ன பண்ணுவ. எனக்கு ஒண்ணுமில்ல. நான்தான் செத்துட்டேனே, எனக்கென்ன கவலை? உங்க அக்காதான் ரெண்டு நாளா சாப்பிடல." அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

அக்கா மறுபடி வாங்கினாள். "போட்டோ எடுக்குறப்ப சிரிச்சேன்டி. சிரிக்காதீங்கக்கா, ஒரே நிமிஷம்னு சொன்னாரு அந்தத் தம்பி. பெரிய வெள்ளிக்கிழமைங்கறதால சொல்றாருன்னு நெனச்சேன்." பிறகு கேட்டாள். "ஒண்ணு கேக்குறேன். அந்தத் தம்பி நம்ம வீட்டுல ராத்திரி தங்கல. கஞ்சி குடிச்சிட்டு சாயங்காலமே போயிட்டாரு. ஒரு தட்டு கூட வைக்கிறது அவருக்கு எப்படித் தெரியும்?"

எங்கள் அம்மா காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒரு தட்டு அதிகமாக வைப்பது. அந்த நேரத்தில் யார் வந்தாலும், இடம் இல்லை என்ற தயக்கம் வரக் கூடாது என்பதற்காக. வெளியில் சொல்லிக்கொள்ளும் விஷயம் அல்ல. அக்கா வீட்டில் இருந்து சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும். ஷீபா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு விடுமுறை முழுவதும் அங்கே இருந்தாள். தினமும் அந்தத் தட்டை எடுத்து வைக்கும் வேலை அவளுடையது.

நான் பதில் சொல்வதற்குள் பூத்தில் லைன் போய்விட்டது. அல்லது அக்கா வைத்துவிட்டாள்.

7

ஷீபா கல்லூரியில் இரண்டாம் வருடம். விளம்பரம், மக்கள் தொடர்பு என்று படிக்கிறாள். வார இறுதியில் ரகுவின் கம்பெனியில் வேலை செய்வது எங்களுக்குத் தெரியும். காபி எடை போட்டுப் பாக்கெட் கட்டுகிறாள் என்று நினைத்திருந்தோம்.

"நீயா எழுதுன?"

"எதை?"

நான் பாக்கெட்டை மேசையில் வைத்தேன். அவள் அதை எடுக்கவில்லை.

"ரகு அங்கிள் ரெண்டு லைன் கேட்டாங்க. குடுத்தேன்."

"பெரியப்பா செத்துட்டாருன்னா?"

"அம்மா, அது பெரியம்மா இல்ல. அது ஒரு கேரக்டர். நெறைய பேரோட கதைய ஒரே ஆளுல வைக்கிறது. எங்க கிளாஸ்ல சொல்லிக் குடுப்பாங்க."

"மொகம் யாரோடது?"

அவள் தமிழில் தேடினாள். என் மகள் தமிழ் பேசுவது பனிக்கட்டி மேல் நடப்பது போல இருக்கும். ஒவ்வொரு சொல்லாக அழுத்திப் பார்த்துத்தான் அடுத்த காலை வைப்பாள். "பெரியம்மா மொகம்... நல்லா இருந்துச்சும்மா. நம்புற மாதிரி. அதனாலதான். பெரியம்மா சென்டருக்குத்தானே காசு போகுது? நான் பெரியம்மாவுக்கு ஹெல்ப் பண்ணேன்."

"அந்தத் தட்டு எதுக்கு வைக்கிறாங்கன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். யாராச்சும் வந்தா குடுக்க." பிறகு ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். உண்மையான காரணத்தை எழுதினால் யார் மனதையும் தொடாது, படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள் என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வழக்கத்தின் அருமை அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் எடுத்துக் கொடுத்தாள்.

8

தம்பதி திரும்பி வந்தார்கள். யாரிடமும் சத்தம் போடவில்லை. ஞாயிறன்று எனக்கு வணக்கம் சொன்னார்கள், காபி வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வாரமே ரகு தன் ஆதரவாளர்கள் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். எங்களுக்கும் வந்தது. ஒரு பாக்கெட்டில் இருந்த தகவல் சரியானது அல்ல என்று தெரியவந்ததாம். உள்ளூரில் இருப்பவர்கள் தந்த தகவலை நம்பி வெளியிட்டதாம். இனி உள்ளூர் ஆட்களைத் தீர விசாரித்த பிறகே உதவி போகுமாம். வருந்துகிறாராம்.

உள்ளூரில் இருப்பவர்கள் என்றால் யார்? அக்கா. அக்காவைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை.

போன் செய்தேன். எடுக்கவில்லை. அவருடைய கடைக்குப் போனேன். மலைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அவருடைய இணையப் பக்கத்தில் குறை சொல்ல ஒரு படிவம் இருந்தது. அதையும் நிரப்பினேன். உங்கள் கதையைப் பகிர்ந்ததற்கு நன்றி என்று உடனே பதில் வந்தது. படிவம் நிரப்ப எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே ரகுதான்.

அடுத்த ஞாயிறு ஹாலில் இருந்த படத்தைக் கழற்றி, கம்பளித் துணியில் சுற்றிக் கோயிலுக்கு எடுத்துப் போனேன். காபி நேரத்தில் போதகரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு பேசினேன். என் ஆங்கிலம் கூட்டத்தில் தடுமாறும். அதனால் சுருக்கமாகவே சொன்னேன். இது என் அக்கா. பக்கத்தில் நிற்பவர் அவள் கணவர். அன்று பெரிய வெள்ளி, நாமும் அன்று துக்க உடைதான் உடுத்துகிறோம். இவள் யாரிடமும் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. இவளிடம் யாரும் எதையும் கேட்கவும் இல்லை. எழுதியவர்கள் இங்கே இந்த நகரத்தில் இருக்கிறார்கள்.

பெயர் சொல்லவில்லை. ஷீபா சமையலறைப் பக்கம் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். அவளுக்காகத்தான் நின்றேன். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

எல்லோரும் மெதுவாகக் கை தட்டினார்கள். நீங்கள் பேசியதற்கு நன்றி என்றார்கள். இரண்டு கலாசாரங்களுக்கு நடுவில் இப்படிப்பட்ட தவறான புரிதல்கள் வருவது இயல்புதான் என்று உதவிக் குழுத் தலைவி என் தோளைத் தட்டினார். ஊருக்குப் போய் வந்த அந்த அம்மாள் படத்துக்குப் பக்கத்தில் வந்து வெகுநேரம் பார்த்தார். "அவர் கொடுத்த காபியை நான் குடித்திருக்க வேண்டும்" என்றார். அந்தக் கூடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நியாயமான வார்த்தை அது.

9

பெரியம்மாவிடம் பேசு என்று ஷீபாவிடம் சொன்னேன். முதலில் மின்னஞ்சல் அனுப்புகிறேன் என்றாள். அக்காவுக்கு ஏது மின்னஞ்சல்? கடைசியில் சம்மதித்தாள். அக்கா வீட்டுக்கு எதிர் வீட்டில் போன் உண்டு. எழுதியது யார் என்பதையும் சொல்லி, ஒரு நேரம் குறித்துவைத்துக் கூப்பிட்டேன். பேசுவதை நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

முதலில் எடுத்தவர் அத்தான். "யாரு, ஷீபாவா? பேரு நல்லா வச்சிருக்கம்மா. ஒங்க பெரியம்மாவ லக்ஷ்மின்னு கூப்புட்டா அடிக்க வர்றா." ஷீபா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அக்கா வாங்கினாள்.

"ஸாரி பெரியம்மா."

"சரிம்மா."

"நான் உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"அது எனக்குத் தெரியும். நீ கெட்ட பிள்ள இல்ல. ஸாரிய என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? என்னையப் பொய்க்காரின்னு நெனக்கிறவங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க. அங்க சொல்லு. நான்தான் எழுதுனேன், எங்க பெரியம்மா சொல்லலன்னு ஒரு வார்த்த சொல்லு. போதும்."

ஷீபா என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அத ரகு அங்கிள்தான் சொல்லணும் பெரியம்மா. கம்பெனி அவங்களோடது. நான் சொன்னா எனக்குப் பின்னால எங்கயும் வேல கெடைக்காது."

அந்தப் பக்கம் வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"அப்படியா. சரிம்மா," என்றாள் அக்கா. "நல்லா படி. வேளாவேளைக்கு சாப்புடு."

அதன் பிறகு அக்கா இந்தப் பேச்சை என்னிடம் எடுத்ததே இல்லை. ஒரு கடிதத்தில் மட்டும், ரகுவிடமிருந்து வரும் உதவி இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக ஒரு வரி எழுதியிருந்தாள். படிப்பகம் நடக்கிறது. சுண்டல் நின்றுவிட்டது. பசியோடு எவ்வளவு நேரம் உட்காருவார்கள்? சின்னப் பிள்ளைகள் வருவது குறைந்துவிட்டதாக அத்தான் சொன்னார். நானும் ஜெபராஜும் அனுப்புகிறோம் என்றோம். கொஞ்ச நாள் போகட்டும் என்றாள். அமெரிக்காவிலிருந்து எது வந்தாலும் இப்போது ஊரில் ஒரு சிரிப்பு எழுகிறதாம்.

10

சபை அதே காபியைத்தான் வாங்குகிறது. தோட்டக்காரர்களைத் தண்டிக்கக் கூடாது என்று குழு சொன்ன காரணம் நியாயமானதுதான். புதிய பாக்கெட்டில் மனித முகமே இல்லை. ஒரு மலை, ஒரு பறவை. நானும் காபி போடுவதை விடவில்லை. விட்டால் அக்காவைப் பற்றிப் பேச அந்தக் கூடத்தில் ஆள் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. யாராவது வந்து, இந்தியாவில் இருக்கும் உங்கள் அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டால், அவளும் அவள் கணவரும் நலம் என்று பதில் சொல்கிறேன். கணவரும் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். சிலர் ஓ என்று சொல்லிக் கோப்பையைப் பார்ப்பார்கள். சிலருக்கு அது உறைக்காது. அடுத்த வாரமும் அதையே சொல்வேன்.

சென்ற ஞாயிறு ஷீபா எனக்கு உதவியாக மேசைக்குப் பின்னால் நின்றாள். குழுவின் முடிவைச் சொல்ல வந்த தலைவி, போகும்போது அவளிடம் அன்பாகக் கேட்டார். "உன் பெரியம்மா எப்படி இருக்கிறார்?"

ஊற்றிக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நன்றாக இருக்கிறார்," என்றாள் ஷீபா.

அவர் இன்னும் நகரவில்லை. இன்னும் ஒரு வார்த்தைக்கு இடம் இருந்தது. என் மகள் என் பக்கம் திரும்பாமல், அவரிடம் சிரித்த முகமாக, பால் வேண்டுமா என்று கேட்டாள்.